வாடகைச் சர்வருக்கு என்ன பெயர் வைப்பது?

பேரணாம்பட்டு என்ற ஊர்ப்பெயரைத் தமிழ் நாளிதழ்களே ஒரே மாதிரி அச்சடிப்பதில்லை. பேரணாம்பட்டு, பேர்ணாம்பட்டு, பேர்ணாம்பட் என்று மூன்று வடிவங்களும் கண்ணில் படும். ஆங்கில எழுத்துக்குப் போனால் வடிவங்கள் இன்னும் கூடும். கடிதத்தில் எப்படி எழுதினாலும் தபால்காரர் சரியாகப் புரிந்துகொண்டு கொண்டுவந்து சேர்ப்பார். கம்ப்யூட்டருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. ஓர் எழுத்து மாறினால் அது வேறு இயந்திரம், அல்லது இல்லாத இயந்திரம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று நீளும் தோல் வட்டாரத்தில் வியாபாரம் கடல் கடந்தது. ஆர்டர், சோதனை அறிக்கை, இன்வாய்ஸ் எல்லாம் மெயிலில்தான் போய்வருகின்றன. சொந்த மெயிலுக்கோ சரக்கு இருப்புக் கணக்குக்கோ ஒரு சிறு நிறுவனம் வி.பி.எஸ். எடுக்க நினைத்தால், அதாவது ஒரு பெரிய சர்வரின் தனித்தடுப்பு ஒன்றை மாத வாடகைக்குப் பிடித்தால், பதிவுப் படிவத்தில் ‘ஹோஸ்ட்நேம்’ என்ற கட்டம் வரும். பெரும்பாலோர் கையில் வந்ததைத் தட்டிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதற்கு அரை நூற்றாண்டாக விடை சொல்லி வருகிறார்கள். விடைகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை.

ஒரே கோப்பில் உலகம்

இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த கம்ப்யூட்டர்களின் பெயர்களெல்லாம் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான தகவல் மையம் அந்தக் கோப்பைப் பராமரித்தது. புதிய கம்ப்யூட்டர் வந்தால் அங்கே சொல்லிப் பெயரைச் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது கோப்பை இறக்கிக்கொள்வார்கள். ஒரு பெயரை ஒருவர்தான் வைத்துக்கொள்ள முடியும்.

வலைப்பின்னல் பெருத்தபோது இந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1983-இல் பால் மொகபெட்ரிஸ், பெயரை முகவரியோடு இணைக்கும் டி.என்.எஸ். முறையை வகுத்தார். பெயர் படிநிலையாகப் பிரிந்தது. அவரவர் டொமைனுக்குள் அவரவர் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. ‘மெயில்’ என்ற சர்வர் லட்சம் இடங்களில் இருக்கலாம். டொமைன் வேறென்றால் சண்டை இல்லை.

எழுத்து விதிகள் மட்டும் பழைய காலத்திலிருந்தே தொடர்ந்தன. ஆர்.எஃப்.சி. என்பவை இன்டர்நெட்டின் நெறிகளையும் ஆலோசனைகளையும் சொல்லும் எண்ணிட்ட ஆவணங்கள். 1985-இல் வந்த ஆர்.எஃப்.சி. 952, ஆங்கில எழுத்து, எண், இடையே சிறுகோடு ஆகியவற்றை மட்டும் அனுமதித்தது. முதலெழுத்து எண்ணாக இருக்கக் கூடாது, மொத்தம் 24 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னது. 1989-இல் ஆர்.எஃப்.சி. 1123 முதலெழுத்துத் தடையை நீக்கி, நீளத்தையும் தளர்த்தியது. டி.என்.எஸ்.ஸில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 63 எழுத்துகள்தான் இன்றும் எல்லை. ஹோஸ்ட்நேமில் அடிக்கோட்டுக்கு இன்றும் இடமில்லை.

மலையின் பெயரும் ஆற்றின் பெயரும்

என்ன பெயர் என்ற கேள்விக்கு முறையாக எழுதப்பட்ட முதல் பதில்களில் பெரிதும் பேசப்படுவது, டான் லைப்ஸ் 1990-இல் எழுதிய ஆர்.எஃப்.சி. 1178. அவர் சொன்னதன் சாரம்: இயந்திரம் இன்று செய்யும் வேலையை வைத்து அதற்குப் பெயர் வைக்காதே. தொழிற்கூட இயந்திரங்களைக் கட்டுப்படுத்த வாங்கிய ஒரு கம்ப்யூட்டருக்கு ‘ஷாப்’ என்று பெயரிட்ட கதையை அவர் சொல்கிறார். இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தபோது அதை எப்படி அழைப்பது என்று தெரியவில்லை. பிறகு மேலும் ஐந்து வந்தன. முதல் கம்ப்யூட்டர் வேறொரு திட்டத்துக்கே போய்விட்டது. ‘ஷாப்’ என்ற பெயர் பொருந்தாமல் போயிற்று. அதனால் நிறங்கள், புராணப் பாத்திரங்கள் என்று ஏதேனும் ஒரு கருவை எடுத்து அதிலிருந்து வரிசையாகப் பெயர் வையுங்கள் என்கிறார்.

இந்த வழிக்குச் சென்னையிலேயே சான்று உண்டு. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் தன் கணிப்புத் தொகுதிக்கு ‘கப்ரு’ என்று பெயர் வைத்தது. சிக்கிம்–நேபாள எல்லையில் இருக்கும் சிகரத்தின் பெயர் அது. 2004-இல் உலகின் வேகமான 500 கம்ப்யூட்டர்கள் பட்டியலில் கப்ரு இடம் பெற்றது. பின்னால் வந்த தொகுதிக்கு ‘அன்னபூர்ணா’ என்று இன்னொரு மலை. புணேயில் உள்ள அரசு ஆய்வு மையமான சி-டாக் 1991-இல் ‘பரம் 8000’ செய்ததிலிருந்து ‘பரம்’ ஒரு குடும்பப்பெயராக நிலைத்துவிட்டது. 2022-இல் திருச்சி என்.ஐ.டி.யில் நிறுவிய சூப்பர் கம்ப்யூட்டரின் பெயர் ‘பரம் பொருள்’. குடும்பப்பெயர் ஓரிடத்திலிருந்தும் சொந்தப்பெயர் மண்ணிலிருந்தும் வந்த இந்தச் சேர்க்கை, பெயர் வைப்போர் பார்க்க வேண்டிய மாதிரி.

கருப்பெயரின் பலம் நினைவில் நிற்பது. தொலைபேசியில் ‘பாலாறு நின்றுபோச்சு’ என்று சொன்னால் எதிர்முனையில் குழப்பம் வராது. பலவீனமும் அங்கேதான். பாலாறு என்ன வேலை செய்கிறது என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தெரியாது. கருவும் தீர்ந்துபோகும். பேரணாம்பட்டு நிறுவனம் ஒன்று வட்டாரத்து ஆறுகளை எடுத்தால் பாலாறு, மலட்டாறு, பொன்னை, கௌண்டின்யா, செய்யாறு என்று ஐந்தாறு வரை தாராளமாகப் போகலாம். அதற்குமேல் தேட வேண்டியிருக்கும். சிறு நிறுவனத்துக்கு அந்த ஐந்தாறே பல ஆண்டுக்குப் போதும் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

பெயரே விவரமாக

எதிர்த்தரப்பு, பெயரைப் பார்த்ததுமே எல்லாம் தெரிய வேண்டும் என்கிறது. ஊர்க் குறியீடு, வேலை, வரிசை எண் மூன்றையும் கோத்து எழுதுவது இவர்கள் வழக்கம். பெரிய நெட்வொர்க் நிறுவனங்கள் ஊரைக் குறிக்க விமான நிலையக் குறியீடுகளை எடுத்துக்கொள்வதைப் பரவலாகப் பார்க்கலாம். சென்னைக்கு அங்கே ‘எம்.ஏ.ஏ.’ மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆனது. குறியீடு மெட்ராஸிலேயே நின்றுவிட்டது. விவரத்தைச் சுமக்கும் பெயருக்கு நேரும் கதி இதுதான்: உலகம் மாறும், பெயர் மாறாது.

மாவட்டத்தைச் சேர்த்துப் பெயர் வைத்திருந்தால் இங்கேயே சிக்கல் வந்திருக்கும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கியது. ஆனாலும் இருபது முப்பது சர்வர்களை ஒரே குழு கவனிக்கும் இடத்தில் விவரப்பெயர் தரும் வசதியை மறுக்க முடியாது. நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால் எது, எங்கே என்று பெயரே சொல்லிவிடும்.

மாடும் தோலும்

2012 வாக்கில் மூன்றாவது குரல் ஒன்று ஓங்கியது. மைக்ரோசாஃப்டில் இருந்த பில் பேக்கர் டேட்டாபேஸ் பற்றிய உரையொன்றில் சொன்ன உவமையை ராண்டி பயஸ் எடுத்துப் பரப்பினார். பழைய சர்வர்கள் செல்லப்பிராணிகள். பெயர் வைத்து, நோய் வந்தால் மருத்துவம் பார்த்து வளர்த்தோம். இனி சர்வர்கள் மந்தை மாடுகள். எண் போதும், ஒன்று கெட்டால் கழித்துவிட்டு வேறொன்றை நிறுத்திக்கொள்ளலாம் என்பது அந்த உவமை. அமேசான் போன்ற கிளவுட் சேவைகளில் இயந்திரத்தின் உள்பெயர் அதன் ஐ.பி. முகவரியிலிருந்தோ அடையாள எண்ணிலிருந்தோ தானாகவே உருவாகிவிடுகிறது.

இந்த உவமை அமெரிக்கப் பண்ணையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு உழவர் வீட்டில் மாட்டுக்கும் பெயர் உண்டு. செவலை, மயிலை, காரி என்று நிறத்தால் அழைப்பார்கள். லட்சுமி என்று செல்லமாகவும் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் கழன்று எண் ஏறுவது தோல் வட்டாரத்தில்தான். உப்பிட்ட தோல் டேனரிக்குள் வந்ததும் அது ஒரு லாட்டின் பகுதியாகிறது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, முடியும் சதையும் நீங்கி, குரோம் டிரம்மில் சுற்றி நீலம் பாய்ந்த ‘வெட் ப்ளூ’வாக வெளியே வருகிறது. ஒரு லாட்டை இந்த வழி முழுக்கப் பின்தொடர வேண்டுமென்றால் அடையாளத்தை மையால் எழுதிப் பயனில்லை. சுண்ணாம்பிலும் டிரம்மிலும் அது நிற்காது. ஓரத்தில் துளையாகவோ வெட்டாகவோ பதித்த குறிதான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும்.

சர்வர்ப் பெயருக்கும் இதே சோதனையை வைத்துப் பார்க்கலாம். வேலை மாறும், ஆள் மாறுவார், வாடகை நிறுவனம் மாறும். இத்தனைக்கும் பிறகு நிற்கும் குறியா அது? எண் நிற்கும். ஆனால் எண்ணை மட்டும் நம்ப, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒழுங்கான பதிவேடும், கெட்ட சர்வரை மறுநிமிடமே புதிதாகக் கட்டியெழுப்பும் தானியங்கி ஏற்பாடும் தேவை. ஆயிரம் சர்வர் வைத்திருப்பவருக்கு அவை உண்டு. ஒன்றோ இரண்டோ வாடகைக்கு எடுத்தவரிடம் பெரும்பாலும் இருக்காது. அவருடைய சர்வர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், செல்லப்பிராணிதான். மந்தைக் கோட்பாட்டின் பலவீனம் இந்த அளவுக் கணக்கில் இருக்கிறது.

பெயர் பேசிவிடும்

நான்காவது தரப்பு, பெயர் எதையும் சொல்லவே கூடாது என்கிறது. 2017-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8117, அன்றைய ஹோஸ்ட்நேம் வழக்கமே தீங்கானது என்று தலைப்பிலேயே அறிவித்தது. கம்ப்யூட்டர் எந்த நெட்வொர்க்கில் சேர்ந்தாலும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே போகிறது. அதிலிருந்து ஆளையும் நிறுவனத்தையும் கண்டுபிடிக்கலாம் என்பது அதன் வாதம்.

வாடகைச் சர்வருக்கு இந்த ஆபத்து இன்னொரு வாசல் வழியாக வருகிறது. ஒரு பெயருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கினால் அந்தப் பெயர் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டில் ஏறும். 2018 முதல் குரோம் உலாவி இதைக் கட்டாயமாக எதிர்பார்க்கிறது. ‘சம்பளம்’, ‘பேக்கப்’, ‘பழையமெயில்’ என்றெல்லாம் பெயர் வைத்துத் தனித்தனிச் சான்றிதழ் வாங்கினால், எங்கே தட்டலாம் என்று திருடனுக்கு நாமே பட்டியல் போட்டுக் கொடுத்த கணக்கு.

இந்த வாதத்தையும் எல்லையோடுதான் ஏற்க முடியும். பெயரை மறைத்தாலும் ஐ.பி. முகவரி மறையாது, ஓயாமல் முகவரி முகவரியாகத் தட்டிப் பார்க்கும் நிரல்களுக்குப் பெயரே தேவையில்லை. அரசிடமிருந்து மறையவும் முடியாது. 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, வி.பி.எஸ். தருவோர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஒதுக்கிய ஐ.பி. உள்ளிட்ட விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்கச் சொல்கிறது. கம்ப்யூட்டர் லாக் குறிப்புகளை 180 நாள் பாதுகாக்கச் சொல்வதும் அதே உத்தரவு. பல லாக்குகளில் வரிதோறும் ஹோஸ்ட்நேம் பதிவாகும் என்பதால், நடுவில் பெயரை மாற்றினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

பெயர் வைத்தபின்

பெயரைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. அதைச் சரியான இடங்களில் பதிப்பதில்தான் மெயில் போய்ச் சேருவதும் சேராததும் இருக்கிறது. இங்கே கருத்து வேறுபாடு குறைவு, கவனப் பிழை அதிகம்.

லினக்ஸ் சர்வரில் ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல்’ என்ற கட்டளையால் பெயரை மாற்றலாம். ஒரு நொடி வேலை. அடுத்து நிர்வாகி உரிமையோடு ஏதாவது கட்டளை கொடுத்தால், அந்தப் பெயருக்கு முகவரி தெரியவில்லை என்று சர்வர் முனகும். புதிய பெயரை ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் எழுதாததுதான் காரணம். டெபியன், உபுண்டு வகைகளில் 127.0.1.1 என்று தொடங்கும் வரியில் முதலில் முழுப்பெயரையும் பிறகு குறும்பெயரையும் எழுதுவது வழக்கம். இதையும் செய்து முடித்து, சில நாள் கழித்து சர்வரை அணைத்து ஏற்றினால் பழைய பெயரே திரும்பி நிற்கலாம். கிளவுட் சர்வர்களில் ‘கிளவுட்-இனிட்’ என்ற தொடக்க நிரல் வாடகை நிறுவனம் கொடுத்த பெயரை மீண்டும் பூசிவிடும். வைத்த பெயரைப் பாதுகாக்கும்படி அதன் அமைப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இயந்திரத்தின் சொந்தப்பெயர் குறும்பெயராக இருக்க வேண்டுமா, டொமைனோடு சேர்ந்த முழுப்பெயராக இருக்க வேண்டுமா என்பது லினக்ஸ் குடும்பங்களுக்குள்ளேயே தீராத வழக்கு. டெபியன் மரபு குறும்பெயர் பக்கம். ரெட் ஹேட் மரபு நெடுங்காலம் முழுப்பெயர் பக்கம். எதை எடுத்தாலும் முழுப்பெயர் என்னவென்று கேட்டால் சர்வர் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று.

மெயில் அனுப்பும் சர்வருக்கு இன்னொரு கடமை உண்டு. பெயரிலிருந்து முகவரிக்குப் போவது போலவே, முகவரியிலிருந்து பெயருக்கும் வர முடிய வேண்டும். இந்தத் தலைகீழ்ப் பதிவை ‘பி.டி.ஆர்.’ என்கிறார்கள். சர்வர் வணக்கம் சொல்லும் பெயரும், பெயரின் ஐ.பி.யும், ஐ.பி.யின் பெயரும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் எதிர் சர்வர் நம்பும். ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் கூகுள் வகுத்த விதிகளில் இதுவும் ஒன்று. பலர் தடுமாறும் இடம், இந்தப் பதிவை எங்கே செய்வது என்பது. டொமைன் வாங்கிய கடையில் தேடினால் கிடைக்காது, ஐ.பி. யாருடையதோ அவர்களிடம், அதாவது சர்வரை வாடகைக்குக் கொடுத்தவரிடம்தான் செய்ய வேண்டும். டிஜிட்டல்ஓஷனில் சர்வருக்கு முழு டொமைன் பெயரையே வைத்தால் பி.டி.ஆர். தானாக அமைந்துவிடுகிறது. அங்கே ஹோஸ்ட்நேம் கட்டத்தில் பொழுதுபோக்காகத் தட்டிய சொல், மெயிலுக்கே தடையாகக் கூடும். மெயில் அனுப்பும் 25-ஆம் போர்ட்டைப் பல நிறுவனங்கள் தொடக்கத்தில் அடைத்தே தருகின்றன என்பதையும் வாடகைக்கு எடுக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

டொமைன் தனக்குச் சொந்தமானதாக இருப்பதும் முக்கியம். ‘.கார்ப்’, ‘.ஹோம்’ என்று இல்லாத டொமைனைக் கற்பனையாக வைத்துக்கொள்ளும் பழக்கம் உலகெங்கும் இருந்தது. அந்தக் குழப்பத்துக்கு அஞ்சியே ‘.கார்ப்’, ‘.ஹோம்’, ‘.மெயில்’ மூன்றையும் யாருக்கும் ஒதுக்குவதில்லை என்று டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2018-இல் நிறுத்திவைத்தது. உள்புழக்கத்துக்கென்றே ‘.இன்டர்னல்’ என்ற பெயரை 2024-இல் ஒதுக்கியது.

இயந்திரப் பெயருக்கும் சேவைப் பெயருக்கும் நடுவே கோடு கிழிப்பதுதான் இதுவரை கிடைத்த விடைகளில் உறுதியானதாகத் தோன்றுகிறது. இயந்திரத்துக்குப் பாலாறு என்று பெயர். ‘மெயில்’, ‘கணக்கு’ என்பவை டி.என்.எஸ்.ஸில் அதைச் சுட்டும் மாற்றுப்பெயர்கள். நாளை சர்வரை மாற்றினால் சுட்டுவதை மலட்டாற்றுக்குத் திருப்பினால் போதும், ஊழியர் யாருக்கும் எதுவும் மாறாது. ஒரு விதிவிலக்கு: எம்.எக்ஸ். என்னும் மெயில் பதிவு மாற்றுப்பெயரைச் சுட்டக் கூடாது, நேரடியாக முகவரி உள்ள பெயரையே சுட்ட வேண்டும். பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதற்கு அதே பெயரை வைக்கலாமா என்பதிலும் இரு கருத்து உண்டு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால் பேரன் ‘பெயரன்’ ஆன மரபு நம்முடையது. ஆனால் லாக்கைப் புரட்டுபவருக்குப் பாட்டனும் பேரனும் ஒரே பெயரில் நின்றால் எது யார் செய்தது என்று பிரிக்க முடியாது. சர்வரில் புதிய பெயரே பாதுகாப்பு.

தமிழ் எங்கே நிற்கிறது

‘பாலாறு’ என்று இந்தக் கட்டுரையில் எழுதுவது எளிது. சர்வரில் அதை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். முதல் எழுத்துக்கு ஓர் ‘ஏ’யா, இரண்டா? கடைசி உகரத்தை எழுதுவதா, விடுவதா? பல எழுத்துக்கூட்டல் உள்ள சொற்களைத் தவிர்க்கச் சொன்னார் லைப்ஸ். ஆங்கில எழுத்துக்குள் வரும் தமிழ்ச் சொல் ஏறக்குறைய ஒவ்வொன்றும் அந்த வகைதான். ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம்.

தமிழ்நாடு அரசு 2020-இல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்ற ஆணையிட்டது. வேலூருக்கு வந்த புதிய எழுத்துக்கூட்டலை ஆங்கிலம் படித்தவர் ‘வீலூர்’ என்றே வாசிப்பார் என்ற விமர்சனம் எழுந்தது. ஆணை ஜூனில் வெளியே தெரிந்தது; அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஓர் அரசாலேயே நிலைநிறுத்த முடியாத எழுத்துக்கூட்டலை ஒரு சிறு அலுவலகம் தனக்குள் நிலைநிறுத்த வேண்டியிருக்கிறது.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வைக்கலாமே என்றால், வைக்கலாம். 2007-இல் ஐகான் நடத்திய சோதனையில் ‘உதாரணம்.பரிட்சை’ என்ற முகவரி இயங்கியது. 2010-இல் ‘.இலங்கை’யும் அதையடுத்து ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ ஆகியவையும் வந்தன. ஆனால் உள்ளே ஓடுவது தமிழ் இல்லை. ‘.இந்தியா’ என்பது டி.என்.எஸ்.ஸுக்குள் ‘எக்ஸ்என்--எக்ஸ்கேசி2டிஎல்3ஏ5ஈஈ0ஹெச்’ என்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் பயணிக்கிறது. லாக்கில் விழுவதும் அந்தக் கோவையே. தமிழ் முகவரிக்கு மெயில் அனுப்ப 2012-இலேயே நெறிமுறை எழுதிவிட்டார்கள். அதை ஏற்காத மெயில் சர்வர்கள் இன்னும் இருக்கின்றன. ஏற்றுமதி இன்வாய்ஸை அந்த வழியில் அனுப்பச் சொல்வது இப்போதைக்கு அவசரம்.

சிறியதொரு வாசல் திறந்திருக்கிறது. ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல்’ நிலைப்பெயரோடு ‘அழகுப்பெயர்’ ஒன்றையும் ஏற்கும். அதில் இடைவெளியும் வரலாம், தமிழும் வரலாம். ‘பாலாறு – பேரணாம்பட்டு அலுவலக மெயில்’ என்று முழுமையாக எழுதி வைத்தால், நிலை அறியக் கட்டளை கொடுப்பவர் கண்ணில் அது தமிழிலேயே தெரியும்.

தீராமல் இருப்பவை

சிறு நிறுவனத்துக்கு இயந்திரப் பெயர் வேலையைச் சொல்லாத குறுஞ்சொல்லாகவும், சேவைப் பெயர் தனியாகவும், தலைகீழ்ப் பதிவு பொருத்தமாகவும் இருக்க வேண்டும் என்பதுவரை ஓரளவு தெளிவு. எத்தனை சர்வர் வந்தால் கருப்பெயரை விட்டு எண்ணுக்கு மாறுவது என்பதற்கு எல்லோரும் ஒப்பும் அளவு இல்லை. நினைவில் நிற்கும் பெயருக்கும் எதையும் காட்டிக்கொடுக்காத பெயருக்கும் இடையிலான இழுபறியும் முடிந்தபாடில்லை.

தமிழ்ப் பெயர் பற்றிய கேள்வி மட்டும் இங்குள்ளவர்களால் தீர்க்கக்கூடியது. ஆங்கிலத்தில் ஓரன் டிரோஷ் என்பவர் தொகுத்த சொற்பட்டியல் ஒன்று உண்டு. குறுகியவையாகவும் காதில் ஒன்றோடொன்று குழம்பாதவையாகவும் பொறுக்கிய 1,633 சொற்கள் அதில் இருக்கின்றன. சர்வருக்குப் பெயர் தேடுவோர் அதைப் புரட்டுகிறார்கள். ஆறு, மரம், மீன், தானியம், நாள்மீன் என்று தமிழிலிருந்து முந்நூறு நானூறு குறுஞ்சொற்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து இலவசமாக வெளியிடுவது தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அமைப்புக்கு எட்டாத வேலை அல்ல. ழகரம் உள்ள சொற்களை அந்தப் பட்டியலில் முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.